முதல் நிமிடத்தை எரித்தவன்

கிள்ளான் வட்டாரத்திலேயே முதன்முதலாகக் கம்ப்யூட்டர் ஓட்டிய தமிழன் நான்தான்!

பொய். நீங்கள் நம்பித் தொலைப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஓட்டியவள் சரோஜா. நான் அதைக் கெடுத்தவன். அதோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அவளைக் காப்பாற்ற இருந்த ஒரே சாட்சியை என் கையாலேயே கிழித்து நெருப்பில் போட்டேன். அவளுக்கு வேலை போனது என்னால். இதுதான் விஷயம். மற்றதெல்லாம் விளக்கம்.

இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இன்று நான் சாப்பிடும் சோறு அவள் போட்டது. என் மகள் பேங்கில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்றால் அதுவும் அவளால். இந்த மேசை அவளுடையது. இந்தப் பேனாவும்தான். அவள் பேனாவை வைத்தே அவளுக்குச் செய்த துரோகத்தை எழுதுகிறேன்... என் துணிச்சலைப் பார்த்தீர்களா!

பெரிய எழுத்தாளன் நடையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை போனேன். அதிலும் இரண்டாம் வகுப்பு மிகவும் பிடித்துப்போனதால் இரண்டு தடவை படித்தேன். மிச்சத் தமிழ் எல்லாம் நாசி லெமாக் சோறு சுற்றி வந்த பத்திரிகைத் தாளில் படித்தது. அதனால் என் தமிழில் கொஞ்சம் மிளகாய்ச் சம்பல் வாசனை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிள்ளானில், துறைமுகத்துக்குப் போகும் சாலையோரம் ஒரு லோரி கம்பெனி. கப்பலில் வந்து இறங்கும் சரக்கைக் கோலாலம்பூர், பூச்சோங் என்று கொண்டுபோய்ச் சேர்ப்பது தொழில். நான் அங்கே ஆபீஸ் பாய். முப்பத்தைந்து வயதில் பாய்! கேட் திறப்பது, பெருக்குவது, காபி கலக்குவது, ஆட்களைச் சிரிக்க வைப்பது. கடைசியாகச் சொன்னதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் அதில்தான் நான் கெட்டிக்காரன். எல்லா அறைச் சாவிகளும் என் இடுப்பில் தொங்கும்.

முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். இன்று நீங்கள் பார்க்கும் மாதிரி மேசைமேல் உட்காரும் சாதனம் அல்ல. துணி அலமாரி உயரத்துக்கு ஒரு பெட்டி. பக்கத்தில் துணி துவைக்கும் மிஷின் மாதிரி இன்னொரு பெட்டி. அந்த இரண்டாவதற்குள்தான் டிஸ்க். எந்த லோரி, எந்தச் சரக்கு, எங்கே இறக்கியது என்ற கம்பெனியின் ஞாபகம் முழுக்க அதற்குள் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு பெட்டிக்கும் தனி அறை, தனி ஏர்கான். எனக்கு ஒரு மின்விசிறிகூடக் கிடையாது!

அதை ஓட்ட வந்தவள்தான் சரோஜா. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பெண். காலை பஸ்ஸில் கிள்ளான் வருவாள். வந்ததும் செருப்பைக் கழற்றுவாள். முதலில் டிஸ்க்குக்குச் சுவிட்ச் போடுவாள். பச்சை விளக்கு நிலையாக எரியும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். பிறகுதான் பெரிய பெட்டி. இந்த வரிசை ஒரு நாளும் மாறாது. கோயில் குருக்கள்கூட எப்போதாவது மந்திரத்தை முழுங்குவார். இவள் முழுங்க மாட்டாள்.

அவளுக்கு அந்த வேலை வெறும் சம்பளம் அல்ல. ஒரு நாள் காபி கொடுக்கும்போது அவளே சொன்னாள்.

"வேலண்ணே, இந்த வேலை இருக்கிற வரைக்கும்தான் நான் இங்க. போச்சுன்னா எங்க அண்ணன் வந்து அவரு ஊரு சித்தியவானுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாரு. அவரு கூட்டாளி ஒருத்தருக்கு என்னைக் கட்டி வைக்கணும்னு நிக்கிறாரு."

"மாப்பிள்ளை எப்படிம்மா?"

"உங்களை விட வயசு கூடண்ணே."

"ஐயோ! அப்ப கிழவன் லா!"

சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் விஷயம் எனக்குப் புரிந்தது. அந்த மிஷின் ஓடினால்தான் அவள் வாழ்க்கை அவள் கையில். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் தப்பிக்க முடியாது.

இப்போது என் திருவிளையாடலுக்கு வருகிறேன்.

லோரிகள் நிற்கும் எங்கள் யார்டில் வெள்ளிக்கிழமை காலை லோரிகளுக்குப் பூசை. டிரைவர்கள் வண்டிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எஞ்சினைக் கிளப்பி நிறுத்துவார்கள். நான் சாம்பிராணிச் சட்டியோடு வரிசையாகப் போவேன். எஞ்சின் ஓடும்போதுதான் காட்ட வேண்டும். அது எங்கள் யார்டு முறை. தூங்குகிற வண்டிக்குத் தீபம் காட்டினால் வண்டிக்கு என்ன தெரியும்?

கம்ப்யூட்டர் வந்த அன்றைக்கு முதலாளி அதற்கும் சூடம் காட்டப் போனார். மிஷின் விற்ற கோலாலம்பூர்க் கம்பெனியிலிருந்து வந்திருந்த எஞ்சினியர் டேனியல் சார் பதறிக் குறுக்கே விழுந்தார்.

"பாஸ், பாஸ், வேணாம்! உள்ள புகை ஆகாது. சிகரெட்டும் வேணாம். தூசி போனா டிஸ்க்கு ரோசாக் ஆயிடும், கெட்டுப் போயிடும்."

முதலாளி மனமில்லாமல் வாசலில் ஒரு தேங்காயை உடைத்துவிட்டு விட்டுவிட்டார்.

எனக்கு மனசு ஆறவில்லை. ஓட்டை லோரிக்குக்கூடப் பூசை உண்டு. இவ்வளவு பெரிய மிஷினுக்கு இல்லையா? சிகரெட் புகை ஆகாது, சரி. சாம்பிராணிப் புகையும் சிகரெட் புகையும் ஒன்றா? இது சாமி புகை!

சாவி என்னிடம்தானே... ஒரு வெள்ளிக்கிழமை, யாரும் வருமுன் அறையைத் திறந்தேன். மிஷின் தூங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிறதுக்குக் காட்டக் கூடாதே! சுவிட்ச் போட்டேன். எதை முதலில் போட்டேன்? பெரியவருக்குத்தானே முதல் மரியாதை... பெரிய பெட்டிக்குப் போட்டேன். அப்புறம் டிஸ்க்குக்கு. 'உய்' என்று சத்தம் கிளம்பியது. மூன்று சுற்று சாம்பிராணி காட்டினேன். புகை வேறெங்கும் போகாமல் நேராக டிஸ்க் பெட்டிக்குள் போனது. அதற்குள் காற்றை உறிஞ்சும் விசிறி இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? சாமி ஏற்றுக்கொண்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்! பிறகு சரோஜா வருமுன் எல்லாவற்றையும் பட்டென்று அணைத்துப் பூட்டிவிட்டேன்.

அன்று சரோஜா வந்து சுவிட்ச் போட்டபோது மிஷின் எழுந்திருக்கவில்லை. மறுபடி போட்டாள். திக்கித் திணறி எழுந்தது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கண்ணு பட்டிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த வெள்ளி சாம்பிராணியைக் கூட்டினேன். மிஷின் இன்னும் மோசம். அதற்கடுத்த வெள்ளி இன்னும் கொஞ்சம். இப்படியே போனது. மருந்தே நோயாக இருந்தால் நோயாளி எப்படிப் பிழைப்பான்?

இதில் எனக்கு ஒரு ஜோக் வேறு வந்தது. எனக்கு எப்போது ஜோக் வராமல் இருந்தது!

"சரோஜாம்மா வெள்ளிக்கிழமை விரதம். அதான் மிஷினும் கூடச் சேர்ந்து விரதம் பிடிக்குது லா!"

டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜோக் யார்டிலிருந்து கணக்கெழுதும் கிராணிகள் மேசைக்குப் போனது. அங்கிருந்து முதலாளி காதுக்குப் போனது. போகிற வழியிலேயே அதன் சிரிப்பு உதிர்ந்துவிட்டது. முதலாளி ஒரு நாள் என்னிடமே கேட்டார்: "அந்தப் பொண்ணு கை ராசி சரியில்லையோடா?" இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் தலையைச் சொறிந்தேன்.

கடைசியில் ஒரு புதன்கிழமை முதலாளி சரோஜாவைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார்.

"வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன்மா. அன்னிக்கும் மிஷின் படுத்துச்சுன்னா வேற ஆளு பாத்துக்குவேன். தப்பா எடுத்துக்காத."

"பாஸ், நான் எல்லாம் முறையாத்தான் பண்றேன்."

"முறையாப் பண்ணா ஏன் வெள்ளிக்கிழமை மட்டும் படுக்குது?"

அவளுக்குப் பதில் தெரியாது. பதில் காபித் தட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் டேனியல் சார் வந்தார். நல்ல மனிதர். அவர்தான் சரோஜா பக்கம் பேசினார். கூடவே ஒரு பிரிண்டர் கொண்டுவந்தார். தட்டச்சு மிஷினுக்கும் தையல் மிஷினுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். பின்னால் மடித்து மடித்து வைத்த நீளத் தாள். வேனிலிருந்து தூக்கிவந்தது யார்? நான்தான். என் தூக்குக் கயிற்றை நானே சுமந்து வந்தேன்... அதுவும் மூச்சு வாங்க!

முதலாளி கேட்டார்: "இது எதுக்குத் தம்பி?"

"பாஸ், மிஷினு எழுந்திருக்கும்போது என்னென்ன தகராறுன்னு அதுவே சொல்லும். ஆனா ஸ்கிரீன்ல ஓடி மறைஞ்சிடும். அதை எழுதி வைக்கிற புரோகிராம் ஒண்ணு இருக்கு. அது டிஸ்க்கு எழுந்த பிறகுதான் வேலைக்கு வருது. நம்ம தகராறு டிஸ்க்கு எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே நடக்குது. அப்ப யாரு எழுதுறது?"

"தமிழ்ல சொல்லுப்பா."

டேனியல் சார் சன்னல் வழியாகக் கேட்டைக் காட்டினார். "உங்க கேட்டுக் காவக்காரன், அந்த ஜாகா, ஆபீஸ் திறந்த பிறகு டூட்டிக்கு வந்தா, விடியக்காலையில திருட்டுப் போனதை யாரு சொல்லுவா? இந்த மிஷின்ல காவக்காரன் கடைசியா எழுந்திரிக்கிறான். நான் அவனை முதல் ஆளா எழுப்பப் போறேன்."

சரோஜா உடனே கேட்டாள்: "முதல்ல எழுந்தா அவன் எதுல எழுதுவான் சார்? டிஸ்க்குதான் இன்னும் எழுந்திரிக்கலையே."

"அதான்மா பாயிண்டு! டிஸ்க்கு வர்ற வரைக்கும் மனசுல வெச்சிருப்பான், வந்ததும் அதுல எழுதுவான். ஆனா கரண்டு போனா மனசுல இருக்கிறது போயிடும். அதுக்குத்தான் இந்தப் பிரிண்டர். முதல் நிமிஷத்துலேருந்து பேப்பர்ல அடிச்சிக்கிட்டே வரும். பேப்பர் பொய் சொல்லாது."

அன்று பகல் முழுக்க இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த வரிசையை மாற்றினார்கள். காவல்காரன் முதலில், மற்ற புரோகிராம்கள் அவனுக்குப் பின்னால். சரோஜா தட்டத் தட்ட டேனியல் சார் சரிபார்த்தார். மிஷினை அணைத்து, மறுபடி எழுப்பி, சோதித்தும் பார்த்தார்களாம். அந்தச் சமயம் நான் பாசார் சந்தைக்குப் போயிருந்தேன். எதற்கு? எலுமிச்சம்பழமும் நல்ல சாம்பிராணியும் வாங்க! நாளைக்கு வெள்ளிக்கிழமை. சரோஜாவின் வேலை தப்ப வேண்டும். இந்த வாரம் பூசை பலமாக இருக்க வேண்டாமா?

சிரிக்காதீர்கள். சத்தியமாக அவளுக்காகத்தான் செய்தேன்.

அந்தக் காவல்காரன் கதையை நானும் நின்று கேட்டேனே, பிறகு எப்படித் துணிந்தேன் என்று நீங்கள் கேட்கலாம். என் மூளை போட்ட கணக்கு இது. சரோஜா சுவிட்ச் போட்டால் காவல்காரன் எழுந்திருப்பான். நான் போட்டால் ஏன் எழுந்திருக்கப் போகிறான்? எங்கள் கேட்டில் இருந்த ஜாகா முதலாளி கார் வந்தால் துள்ளி எழுந்து சலாம் வைப்பான். நான் போனால் காலைக்கூட மடக்க மாட்டான். உலகத்தில் எல்லாக் காவல்காரனும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. அறையைத் திறந்தேன். எலுமிச்சம்பழத்தை டிஸ்க் பெட்டிமேல் வைத்தேன். பெரிய பெட்டிக்குச் சுவிட்ச். டிஸ்க்குக்குச் சுவிட்ச். சட்டியை ஊதி, ஒரு கைப்பிடி சாம்பிராணியைத் தூவினேன்.

டர்ர்ர்ர்ர்...!

பிரிண்டர்! யாரும் தொடவில்லை. தானாக அடிக்கிறது! தலை இடதும் வலதும் ஓடுகிறது. தாள் நெளிந்து நெளிந்து மேலே வருகிறது. என் வேட்டி அவிழாதது ஆண்டவன் செயல்.

ஆங்கிலம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரே வரி திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. எழுத்தைப் படிக்கத் தெரியாதவனுக்கும் அதட்டல் புரியும். டிஸ்க் கரகரவென்று இருமியது. பிரிண்டர் உடனே இன்னொரு வரி அடித்தது. அது இருமும். இது எழுதும். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாமியாவது, கண்ணு படுவதாவது! என் புகையில்தான் இது இருமுகிறது. நான் சுவிட்ச் போட்ட நிமிடத்திலிருந்து இந்தக் காவல்காரன் எழுதிக்கொண்டிருக்கிறான். நான் யார் என்று பார்த்து அவன் காலை நீட்டவில்லை. எனக்கும் முதலாளிக்கும் ஒரே மரியாதை!

அந்தத் தாள் அங்கேயே இருந்திருந்தால்...? சரோஜா வருமுன்பே யாரோ மிஷினை எழுப்பியிருக்கிறார்கள் என்று அது சொல்லியிருக்கும். அவள் கையில் தப்பில்லை என்று சொல்லியிருக்கும். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் போதும்!

நான் கிழித்தேன்.

கிழித்துச் சாம்பிராணிச் சட்டியில் போட்டேன். தாள் சுருண்டு கறுத்துப் பறந்தது. மிஷினை அணைத்தேன். பிரிண்டர் இனி வாயைத் திறக்கக் கூடாது என்று அதன் பக்கவாட்டில் இருந்த சுவிட்சையும் அணைத்தேன். எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டேன். பூட்டினேன். போய் லோரிகளுக்குச் சாம்பிராணி காட்டினேன். அதே சட்டிதான். சாட்சி வெந்த சட்டி.

சரோஜா வந்தாள். நெற்றியில் திருநீறு, தலையில் கொஞ்சம் மல்லிகை. முதலாளியும் டேனியல் சாரும் அறைக்குள் போய் நின்றார்கள். நான் வாசலில் காபித் தட்டோடு. டிஸ்க்குக்குச் சுவிட்ச் போட்டாள். காத்திருந்தாள். பெரிய பெட்டிக்குப் போட்டாள். திரையில் எழுத்துகள் ஓடின. நின்றன. டிஸ்க்கிலிருந்து ஆணியால் தகரத்தைக் கீறுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது.

முதலாளி பிரிண்டரைப் பார்த்தார். "அது ஏன் அடிக்கல?"

சரோஜா குனிந்து பார்த்தாள். அவள் முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

"ஆஃப்ல இருக்கு பாஸ்... நான் நேத்து ஆன் பண்ணித்தானே..."

"முதல் நிமிஷத்துலேருந்து எழுதும்னு சொன்னீங்களே, எங்கம்மா முதல் நிமிஷம்?"

அவசரமாகச் சுவிட்ச் போட்டு மறுபடி எழுப்பினார்கள். இப்போது பிரிண்டர் அடித்தது. டிஸ்க் செத்துவிட்டது என்றுதான் அடித்தது. எப்படிச் செத்தது என்பது முதல் தாளில் இருந்தது. அது சட்டியில்.

டேனியல் சார் டிஸ்க்கை வெளியே எடுத்துப் பார்த்தார். வழவழப்பான வட்டத் தகட்டில் ஒரு கறுப்புக் கோடு. "புகை பட்டிருக்கு பாஸ். இங்க யாராச்சும் சிகரெட் பிடிச்சீங்களா?" முதலாளி சட்டென்று பேச்சை மாற்றினார். அவர் சில நாள் உள்ளே பிடிப்பார், எல்லோருக்கும் தெரியும். மாற்றிய பேச்சு என்மேல் வந்து விழுந்தது.

"டேய் வேலு, சாவி உன்கிட்டதானே? நீ உள்ள போனியா?"

ஒரு கையால் சாவிக்கொத்தை இடுப்பில் இன்னும் உள்ளே செருகினேன். நான் சொல்லியிருப்பேனோ? இன்றும் தெரியவில்லை. அதற்குள் அவள் குறுக்கே வந்தாள். வேலை போகப்போகிறவள், எனக்காகக் குறுக்கே வந்தாள்!

"வேலண்ணனைக் கேக்காதீங்க பாஸ். அவருக்கு இந்த ரூம்பைப் பாத்தாலே பயம். வாசலைத் தாண்ட மாட்டாரு. அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய் தானாகத் திறந்தது.

"எனக்கு என்ன பயம் பாஸ்? நான் உள்ள போனா மிஷினுக்குத்தான் பயம் லா!"

சிரித்தார்கள். சரோஜாகூட ஒரு ஓரமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என் கேள்வி கரைந்துபோனது. என் வாழ்நாளில் நான் அடித்த ஜோக்குகளில் நன்றாக வேலை செய்தது அதுதான். நான் அழுகிற ஜோக்கும் அதுதான்.

"ஒரு சுவிட்ச் ஞாபகம் இல்லாத பொண்ணுகிட்ட ஆபீஸை எப்படிப்பா விடறது?" என்றார் முதலாளி, டேனியல் சாரிடம். அவளிடம்கூட அல்ல.

அவள் பையை நான்தான் பஸ் நிறுத்தம் வரை தூக்கிப்போனேன். பஸ் வரும் வரை கூடவே நின்றேன். அவள் அழவில்லை. "ஆன் பண்ணேனே அண்ணே... பண்ணலையோ?" என்று மட்டும் இரண்டு மூன்று தடவை கேட்டாள். எனக்கு விடை தெரியும். பஸ் வந்தது. நான் கையாட்டினேன்.

அண்ணன் வந்து சித்தியவான் கூட்டிப்போனார் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கிழவனுக்கு அவள் கழுத்தை நீட்டவில்லை. ஆனால் சில வருடம் அண்ணன் வீட்டு அடுப்படியில் கிடந்தாள். அந்த வருடங்களை நான்தான் திருடினேன். திருப்பிக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது?

பிறகு எங்கள் முதலாளி லோரிகளை விற்றார். என்னையும் விற்றிருப்பார், வாங்க ஆள் இல்லை. வேலை தேடிப் பிரிக்பீல்ட்ஸில் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு சேலைக்கடைப் பக்கத்து மாடிப்படியில் ஒரு பெண் கம்ப்யூட்டர் திரையைத் தூக்கிக்கொண்டு தடுமாறினாள்.

"வேலண்ணே! நல்ல நேரம் வந்தீங்க, இந்தப் பக்கம் பிடிங்க!"

சரோஜா! எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. பிடித்தேன். அண்ணன் வீட்டை விட்டு வந்து, அந்த மாடியில் அவள் கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பிக்கப் போகிறாள். அன்றே எனக்கு வேலை. என் மனைவிக்கு உடம்பு முடியாதபோது ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்து உட்கார்ந்தவள் அவள். என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, காசு வாங்காமல், திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தவள் அவள். நான் கும்பிடும் சாமிகள் வரிசையில் அவளை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடுகிறேன். இவ்வளவு நன்மை ஒருவனுக்கு எதற்கு? அதுவும் இவனுக்கு!

அவளுக்கு வேலையைத்தான் கெடுத்தேன், அவள் அதைவிடப் பெரிதாக நிமிர்ந்துவிட்டாள், கணக்குத் தீர்ந்தது என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். போன மாதம் வரை.

போன மாதம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது நடப்பதை முதல் வரியிலிருந்தே எழுதி வைக்க எப்படி ஏற்பாடு செய்வது என்ற பாடம். நான் துடைப்பத்தோடு வாசலில் நின்றேன். ஒரு பெண் பிள்ளை கேட்டது:

"டீச்சர், நீங்க ஏன் அந்தப் பிரிண்டர் சுவிட்சைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறீங்க?"

சரோஜா சிரித்தாள். "என் முதல் வேலையில அதை ஆன் பண்ண மறந்துட்டேன்மா. பண்ணேன்னு சத்தியமே பண்ணியிருப்பேன். ஆனா ஆஃப்ல இருந்துச்சு. அன்னியிலேருந்து என் கையை நானே நம்புறது இல்ல."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே வந்தேன்.

புரிகிறதா? அந்தத் தாளோடு நான் எரித்தது இதைத்தான். மந்திரத்தை முழுங்காத கை அது! வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடி மாடியேறி வந்து பார்க்கிறாள். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்புகிறாள். வயசாகிறது என்று நான் கேலி செய்திருக்கிறேன். நானே!

ஒரு வார்த்தை போதும். "நீ ஆன்தான் பண்ணினாய், அணைத்தவன் நான்" என்றால் அவள் கை அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். ஆனால் என் சோறு, என் மகள் அவளை 'அத்தை' என்று கூப்பிடுவது, அவள் என்னைப் பார்க்கும் அந்தப் பார்வை... பார்த்தீர்களா, இப்போதும் என் கணக்கைத்தான் போடுகிறேன்!

தினமும் வாயைத் திறக்கிறேன். ஜோக்தான் வருகிறது.

நேற்றும் சொல்லவில்லை. நேற்று கிட்டத்தட்ட சொல்லிவிட்டேன். வகுப்பைப் பூட்டும் நேரம். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "சரோஜாம்மா, கிள்ளான்ல அந்த வெள்ளிக்கிழமை..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கையை உயர்த்தினாள். "அந்த நாளைப் பேசாதீங்கண்ணே. அந்த ஆபீஸ்லயே என் பக்கம் நின்னது நீங்க ஒருத்தர்தான். பஸ் வர்ற வரைக்கும் நின்னீங்க. நான் அதை மறக்கல."

எனக்கு நன்றி சொல்கிறாள்! எனக்கு! படியில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டாள். இதுதான் சமயம் என்று நான் அவள் முகத்தைப் பார்த்து...

"வேலண்ணே! எங்க இருக்கீங்க? உள்ள வாங்களேன்!"

இது இப்போது; நான் இதை எழுதிக்கொண்டிருக்க, வகுப்புக்குள்ளிருந்து அவள்தான் கூப்பிடுகிறாள்.

"என்னம்மா?"

"பிரிண்டர் ஆன்ல இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணே. எனக்கு ஆன்ல இருக்கிற மாதிரிதான் தெரியுது. ஆனா நீங்க சொன்னாத்தான் எனக்கு நிம்மதி லா."

"வந்துட்டேன்மா..."